கோலாலம்பூருக்குத் தனியாகப் போனபோது அறையை மாற்றிய அனுபவம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டில் உட்கார்ந்துதான் கோலாலம்பூர் அறையைப் பதிவு செய்தேன். முதலில் கார்டே வேலை செய்யவில்லை. 2020 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியேதான் வருகிறது, வங்கி செயலியில் நாமே திறந்துவிட வேண்டும், திறந்ததும் சரியாகிவிட்டது.

அப்புறம்தான் பெரிய தப்பு தெரிந்தது. மலிவாக இருக்கிறதே என்று நான் எடுத்தது ஜன்னலே இல்லாத அறை, ரயில் நிலையத்துக்கும் தூரம். அங்கே மலிவு விடுதிகளில் இப்படி அறைகள் நிறைய உண்டு, படத்தைப் பார்த்து ஏமாறாமல் அறை விவரத்தை முழுசாகப் படியுங்கள். நல்லவேளை, இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு எடுத்திருந்தேன். உடனே ரத்து செய்தேன். நான் ராத்திரியில் தனியாகப் போய் இறங்குவது அம்மாவுக்குப் பயம், அதனால் வரைபடத்தைத் திறந்து நகரின் முக்கிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலிலிருந்து நடக்கிற தூரத்தில், ‘லிட்டில் இந்தியா’ என்கிற பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் தேடினேன். விமான நிலையத்திலிருந்து விரைவு ரயில் அரை மணி நேரத்தில் அங்கே வந்துவிடும், இட்லி தோசைக்கும் அலைய வேண்டாம். இரவு முழுக்க வரவேற்பில் ஆள் இருப்பார்களா என்று விடுதிக்கே எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகுதான் பணம் கட்டினேன். வெளிநாட்டினருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனி, அதை அங்கே போய்க் கட்டினேன்.