வேலை, வீடு, பிள்ளைங்களோட ஐயன்மேனுக்கு ரெடியாகறது எப்படி? (டர்பன் ஆளுங்களுக்காக)

ஃபுல் ஐயன்மேன்னா 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதுக்கு மேல 42.2 கிலோமீட்டர் ஓட்டம், எல்லாம் ஒரே நாள்ல, 17 மணி நேரத்துக்குள்ள. நம்ம தென்னாப்பிரிக்காவுல இது போர்ட் எலிசபெத்ல, அதாவது இப்போ கெபெர்ஹான்னு சொல்ற ஊர்ல, மார்ச் ஏப்ரல் வாக்குல நடக்கும். இதுக்கு வாரத்துக்கு 20 மணி நேரம் வேணும்னு நெனச்சே நெறைய பேர் ஆரம்பிக்கறதில்ல. முன்னாடி வரணும்னா வேணும்தான், ஆனா நல்லபடியா முடிக்கணும்னா 8லேர்ந்து 10 மணி நேரம், கடைசி ரெண்டு மாசம் 12 வரைக்கும் போதும்ங்க. விடாம வாராவாரம் செய்யணும், அவ்ளோதான். இப்போ 10 கிலோமீட்டர் சுலபமா ஓட முடியும்னா ஒரு வருஷம் வெச்சுக்கோங்க, நடுவுல ஒரு பாதி தூர ரேஸ் கண்டிப்பா போடுங்க.

பயிற்சிக்கு முன்னாடி ஒரு டாக்டரைப் பாருங்க. நம்ம இந்தியக் குடும்பங்கள்ல சர்க்கரையும் பிரஷரும் எவ்ளோ அதிகம்னு உங்களுக்கே தெரியும், அதனால சர்க்கரை, பிரஷர், ஒரு ஈசிஜி, இது மூணையும் பாக்காம ஆரம்பிக்காதீங்க.

இப்போ நேரம். தூக்கத்துலேர்ந்து திருடாதீங்க, பிள்ளைங்க சாப்பாட்டு நேரத்துலேர்ந்தும் திருடாதீங்க. டர்பன்ல நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கு, டிசம்பர்ல 4:45க்கே சூரியன் வந்துடும். ராத்திரி 9 மணிக்குப் படுத்தா, விடியும்போது சைக்கிள்ல ஏறி மூணு மணி நேரம் ஓட்டிட்டு 8 மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துடலாம், அப்போதான் பிள்ளைங்க எழுந்து பல்லு தேச்சிட்டிருக்கும். ரேஸ் மார்ச் ஏப்ரல்ல வர்றதால பெரிய பயிற்சி எல்லாம் இந்த வெயில் காலத்துலதான் விழும், அது நல்லதுக்குத்தான். ஜூன் ஜூலைல சூரியன் வர 6:50 ஆகும், அது வரைக்கும் வெளிச்சம் பத்தாது, அப்போ ரோட்டுக்குப் போகாதீங்க, சைக்கிளை வீட்டுக்குள்ள டிரெய்னர்ல (நின்ன இடத்துலயே சைக்கிள் ஓட்டற ஸ்டாண்ட்) மாட்டி பிள்ளைங்க தூங்கினதும் ஒரு மணி நேரம் ஓட்டுங்க. டிரெய்னர்ல சிக்னல் இல்ல, இறக்கம் இல்ல, கால் நிக்காம சுத்தறதால அந்த ஒரு மணி நேரத்துக்கே நல்ல பலன் உண்டு.

வாரம் இப்படி இருக்கலாம். செவ்வாய் வியாழன் காலைல ஓட்டம், புதன் வெள்ளி நீச்சல், ஒரு ராத்திரி டிரெய்னர், சனிக்கிழமை நீள சைக்கிள், ஞாயித்துக்கிழமை கொஞ்சம் நீள ஓட்டம், திங்கள் முழு ஓய்வு. மூணு வாரம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி நாலாவது வாரம் குறைங்க. முக்கால்வாசிக்கு மேல பக்கத்துல வர்றவரோட பேசிக்கிட்டே போற வேகத்துலதான் இருக்கணும். வேலைல களைச்சுப் போய் வந்து எல்லா நாளும் மூச்சு வாங்க ஓடினா மூணாவது மாசம் முட்டி போகும், வீட்ல கோபம்தான் மிஞ்சும்.

சைக்கிள்ல இறங்கின உடனே 20 நிமிஷம் ஓடிப் பழகறது ரொம்ப முக்கியம். இதுக்கு நான் எல்லாருக்கும் சொல்ற வழி பார்க்ரன்தான், அதாவது வாராவாரம் சனிக்கிழமை காலைல எல்லாரும் சேர்ந்து ஓடற ஓட்டம். சனிக்கிழமை சைக்கிளை வீட்டுக்கு வராம, பார்க்ரன் நடக்கற நார்த் பீச்ல முடிங்க, வீட்ல இருக்கறவங்க பிள்ளைங்களைக் கூட்டிட்டு அங்கயே வரட்டும், 5 கிலோமீட்டர், காசு கிடையாது, நடக்கறவங்க நடக்கலாம். சின்னப் பிள்ளைங்க மட்டும் பெரியவங்க கைக்கெட்டற தூரத்துலயே இருக்கணும். ஆயாகூட நடக்க வருவாங்க, எங்க வீட்ல வர்றாங்க!

நீச்சலுக்கு பீச்சோரம் இருக்கற ரேச்சல் ஃபின்லேசன் மாதிரி குளம் நல்லது. கடல்ல போனா சுறா வலை இருக்கற பீச்ல, தனியா இல்லாம, நல்லா வெளிச்சம் வந்ததும் போங்க. மழை பேஞ்சு ஆத்துத் தண்ணி கலங்கி வந்திருந்தா இறங்கவே கூடாது, 2022 வெள்ளத்துக்கு அப்புறம் கழிவுநீர் பிரச்சினையும் இருக்கு, அதனால பீச் திறந்திருக்கான்னு பாத்துட்டுப் போங்க. கூட்டத்துல நீந்திப் பழக பிப்ரவரில மிட்மார் அணைல ஒரு மைல் நீந்தற மிட்மார் மைல் இருக்கு, 1974லேர்ந்து நடக்குது, பயந்தவங்களுக்கு அதுதான் சரியான முதல் படி.

சாப்பாடு பத்தி நம்மாளுங்க அதிகம் கேக்கறது விரதம். புரட்டாசில கறி மீன் இல்லன்னா ஒண்ணும் ஆகாது, பருப்பு, சுகர் பீன்ஸ் கறி, மாஸ் (புளிச்ச பால்), தயிர், சோறு, இதுலயே வேண்டியது கிடைக்கும், அது அடித்தளம் போடற மாசம்தான். தைப்பூசக் காவடி கொஞ்சம் யோசிக்க வேண்டியது, ஏன்னா பயிற்சி உச்சத்துல இருக்கும்போது வரும். அந்த வாரத்தையே நாலாவது வாரமா, குறைக்கற வாரமா வெச்சுக்கோங்க. காவடி எடுத்துட்டு வெறுங்கால்ல நடந்த மறுநாள் நீள ஓட்டம் வேண்டாம், பாதம் ஆறட்டும்.

சைக்கிள்ல மணிக்கு 60லேர்ந்து 90 கிராம் மாவுச்சத்து உள்ள போகணும். ஒரு வாழைப்பழத்துல சுமாரா 25 கிராம் இருக்கு, மீதிக்கு ஜெல், டிரிங்க். வயிறு பழகறதுக்கு நாள் ஆகும், ஒவ்வொரு சனிக்கிழமையும் ரேஸ்ல சாப்பிடறதையே சாப்பிடுங்க. டர்பன் புழுக்கத்துல எவ்ளோ வேர்க்குதுன்னு தெரிஞ்சுக்க, ஒரு மணி நேரம் தண்ணி குடிக்காம ஓடறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எடை பாருங்க, ஒரு கிலோ குறைஞ்சா ஏறக்குறைய ஒரு லிட்டர் போயிருக்குன்னு அர்த்தம்.

வீட்ல பேசறதை ரேஸுக்குப் பணம் கட்டறதுக்கு முன்னாடியே பேசிடுங்க. ஸ்கூல் ஃபங்ஷன், கல்யாணம், கோயில் திருவிழா எல்லாத்தையும் ஃபிரிட்ஜ்ல ஒட்டின காலண்டர்ல முதல்ல எழுதுங்க, பயிற்சி மிச்சம் இருக்கற இடத்துல. உங்க துணைக்கும் வாரத்துல அதே அளவு தனி நேரம் எழுதுங்க, அதை எதுக்காகவும் வெட்டாதீங்க. ஒரு பயிற்சி விட்டுப்போனா விட்டதுதான், மறுநாள் ரெட்டிப்பா செய்யாதீங்க.

கடைசி ரெண்டு மூணு வாரம் பயிற்சியைப் பாதியாக்குங்க. கெபெர்ஹா இங்கேர்ந்து கார்ல ஏறக்குறைய 900 கிலோமீட்டர், ரேஸ் ஞாயித்துக்கிழமை, அதனால வெள்ளிக்கிழமைக்குள்ள போய்ச் சேருங்க. ஹோபி பீச் பக்கம் ஓட்டம் சுத்துச் சுத்தா வர்றதால வீட்டாளுங்க உங்களைப் பல தடவை பாக்கலாம், அதனால பிள்ளைங்களைக் காலைலயே எழுப்ப வேண்டாம், மதியம் தூங்க வெச்சு சாயங்காலம் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. திங்களுக்கும் செவ்வாய்க்கும் லீவை இப்பவே போட்டுடுங்க.