இட்டேரியில் பார்த்தது சிறுத்தையா? வாதத்துக்கு முன்னால் நாம் செய்யும் தவறுகள்

எங்கள் மாமன் தோட்டம் காங்கேயத்துக்குத் தெற்கே, கொரங்காட்டை, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தை, ஒட்டி இருக்கிறது. சில வருசங்களுக்கு முன் ஒரு விடியக்காலையில் பட்டிக்குள் ஐந்து செம்மறி செத்துக் கிடந்தன. ஏழு மணிக்குள் ஊருக்கெல்லாம் சேதி போய்விட்டது. எட்டு மணிக்குள் 'புலிதான்' என்று முடிவாகிவிட்டது. ஒன்பது மணிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பட்டியைச் சுற்றி நாற்பது ஐம்பது பேர்.

"ஏனுங் மாமா, தடம் ஏதாச்சும் இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சு மாப்ள. இத்தனை செருப்புத் தடத்துக்குள்ள இப்ப எங்க போய்த் தேடறது?"

கொங்கு நாட்டில் சிறுத்தை உண்டா இல்லையா என்று நடக்கும் வாதங்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றன. சாட்சியை மிதித்துவிட்டு அதன் மேல் நின்று வாதாடுகிறோம். மற்றத் தவறுகளை அப்புறம் பார்க்கலாம், இதுதான் தலையாயது. ஆட்டைப் பார்க்க வேண்டியவர் ஆட்டுக்காரரும் கால்நடை மருத்துவரும் வனத்துறைக்காரரும். மீதிப் பேர் இட்டேரியிலேயே, அந்த வேலிகளுக்கு நடுவே போகும் பாதையிலேயே, நின்றுகொள்ளலாம். தண்ணீர்த் தொட்டி ஓரம், வாய்க்கால் சேறு, புழுதிப் பாதை என்று தடம் விழுந்த இடத்தில் ஒரு ஈயச் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டால் காற்றும் காலும் அதைக் கலைக்காது. அன்று எங்கள் அத்தைக்கு அந்த யோசனை வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தடத்தைப் படம் எடுப்பதில் ஒரு தவறு. பக்கத்தில் எதுவும் வைக்காமல் எடுத்த படத்தைப் பார்த்தால் பூனைத் தடமும் யானைத் தடம்போலத் தெரியும். பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர் குறுக்களவு கொண்டது; அதை ஓரமாக வைத்து, நேர் மேலிருந்து எடுத்தால் போதும். சிறுத்தையின் தடம் ஏழெட்டு சென்டிமீட்டர் அகலம் இருக்கும். ஆனால் அளவை மட்டும் நம்பக்கூடாது. நல்ல தோட்டத்து நாயின் தடமும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு வரும், ஈரச் சேற்றில் எந்தத் தடமும் விரிந்து பெரிதாகும்.

வடிவம்தான் முக்கியம். பூனை இனம் நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், அதனால் தடத்தில் நகக்குறி இருக்காது. நாய்க்கும் நரிக்கும் கழுதைப்புலிக்கும் இருக்கும். இதை எல்லோரும் தெரிந்து வைத்திருக்கிறார்கள், அதனாலேயே இதில் ஏமாறவும் செய்கிறார்கள். இறுகிய தரையில் நாயின் நகம் பதியாமல் போகலாம். வழுக்கும் சேற்றில் சிறுத்தை நகத்தை நீட்டி ஊன்றலாம். ஆகவே விரல்களுக்குப் பின்னால் இருக்கும் பாதத்து மெத்தையையும் பாருங்கள். பூனை இனத்துக்கு அதன் பின்விளிம்பு மூன்று மேடாக வளைந்திருக்கும். நடு விரல்கள் இரண்டில் ஒன்று, நம் கையின் நடுவிரல்போல, சற்று முன்னால் நிற்கும். நாயின் தடம் நீள்வட்டம், இடமும் வலமும் ஒன்றுபோல இருக்கும். விரல்களுக்கும் மெத்தைக்கும் நடுவே ஒரு பெருக்கல் குறி போட்டுவிடலாம்.

செத்த ஆட்டைப் பார்ப்பதிலும் அவசரம். "நாயா இருந்தா இத்தனை ஆட்டைக் கொல்லுமா?" என்று கேட்பார்கள். கொல்லும். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் பட்டி வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், தெருநாய்க் கூட்டம் ஒரே ராத்திரியில் பத்துப் பதினைந்து ஆட்டைக் குதறிப்போட்ட கதை அவர்களிடம் இருக்கும். நாய்கள் காது, தொடை, விலா, வால் என்று கண்ட இடத்தில் கடிக்கும், தின்பது குறைவு. சிறுத்தை பெரும்பாலும் குரல்வளையைப் பிடிக்கும். பற்கள் இறங்கிய துளைகள் தெளிவாக இருக்கும். முடிந்தால் ஆட்டை மறைவான இடத்துக்கு இழுத்துப் போகும். பட்டிக்குள் ஆடுகள் தப்ப வழியில்லாமல் முட்டிமோதும்போது சிறுத்தையும் ஒன்றுக்கு மேல் கொல்வது உண்டு என்பதால் எண்ணிக்கையை வைத்து மட்டும் எந்தப் பக்கமும் சாயமுடியாது. மருத்துவர் தோலை உரித்துப் பார்த்தால்தான் தெரியும்: உயிரோடு இருந்தபோது விழுந்த கடியைச் சுற்றி ரத்தம் கட்டியிருக்கும், செத்த பிறகு நரியோ நாயோ வந்து கடித்த இடத்தில் அப்படி இருக்காது.

இங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. வனவிலங்கு கொன்றது என்றால் வனத்துறையிடம் இழப்பீடு கேட்க வழி உண்டு. தெருநாய் கடித்த ஆட்டுக்கு இழப்பீடு கேட்டு விவசாயிகள் ரோட்டில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது. ஆட்டைப் பறிகொடுத்தவனுக்கு அது சிறுத்தையாக இருந்தால் தேவலை என்று தோன்றினால் அவனை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆசை கண்ணை மறைக்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

பெயர்க் குழப்பம் இன்னொரு பக்கம். எங்கள் பக்கத்தில் பெரியவர்களுக்கு எல்லாமே புலிதான். கழுதைப்புலியின் பெயரிலேயே புலி ஒட்டிக்கொண்டிருப்பதால், அதைப் பார்த்தவர் சொன்ன சேதி நாலு வாய் மாறுவதற்குள் முன்பாதி உதிர்ந்து 'புலி' மட்டும் மிஞ்சும். 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவுக்குச் சிவிங்கிப்புலிகளை (சீட்டா) கொண்டுவந்தபோது பலரும் அவற்றையும் சிறுத்தை என்றே சொன்னார்கள். அதன் விளைவாக, "சிறுத்தைதான் இந்தியாவுல அழிஞ்சு போச்சே, வெளிநாட்டுல இருந்துல்ல கொண்டாந்தாங்க" என்று ஒருவர் டீக்கடையில் என்னிடம் அடித்துப் பேசினார். அழிந்துவிட்டதாக 1952-ல் அறிவிக்கப்பட்டது சிவிங்கி. சிறுத்தை எங்கேயும் போகவில்லை. 2022 கணக்கெடுப்பின்படி நாட்டில் 13,874 சிறுத்தைகள், தமிழ்நாட்டில் மட்டும் 1,070. கருஞ்சிறுத்தை தனி விலங்கு என்பதும் தவறு. அதே சிறுத்தைதான், பிறப்பிலேயே நிறம் கறுத்தது. வெயில் படும்போது பார்த்தால் உள்ளே புள்ளிகள் தெரியும்.

இனி வாதத்தின் இரண்டு கட்சிகள்.

ஒரு கட்சி, "இங்க காடே இல்ல, எங்கிருந்து வரும்?" என்னும். மகாராஷ்டிராவின் அகோலே பகுதியில் வனவிலங்கு ஆராய்ச்சியாளர் வித்யா ஆத்ரேயாவும் உடனிருந்தவர்களும் தானியங்கி கேமரா வைத்து ஆராய்ந்தபோது, கரும்பும் ஊரும் கலந்த விளைநிலத்தில் நூறு சதுர கிலோமீட்டருக்கு ஐந்து சிறுத்தைகள் அளவுக்கு இருப்பது தெரிந்தது. அவை வழிதவறி வந்தவை அல்ல, அங்கேயே குட்டி போட்டு வாழ்பவை. நாமோ வடக்கே சத்தியமங்கலம், தெற்கே ஆனைமலை என்று இரண்டு புலிகள் காப்பகங்களுக்கு நடுவே இருக்கிறோம். 2022 ஜனவரியில் கோவை குனியமுத்தூர் பக்கம் பழைய குடோன் ஒன்றுக்குள் சிறுத்தை புகுந்து, சில நாள் கழித்துக் கூண்டில் சிக்கியது. அதே மாதம் அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு சிறுத்தை தோட்டத்து ஆட்களைத் தாக்கிவிட்டு, பனியன் கம்பெனிகள் நிறைந்த திருப்பூருக்குள்ளேயே வந்து மயக்க ஊசியில் பிடிபட்டது. "வராது" என்று இனி யாரும் சொல்லமுடியாது.

மறு கட்சி இதை எடுத்துக்கொண்டு, "அப்ப எல்லாத் தோட்டத்துலயும் இருக்குது" என்று தாவும். ஒரு முறை வந்ததும் அங்கேயே குடியிருப்பதும் ஒன்றல்ல. இடம் தேடி அலையும் இளம் ஆண் சிறுத்தைகள் வெகுதூரம் நடக்கும். ஒரு ராத்திரி நம் இட்டேரியில் போனது மறுநாள் எந்த ஊரில் இருக்குமோ. குடியிருக்கிறது என்று சொல்ல மாதக்கணக்கில் தடம், எச்சம், குட்டியோடு தாய் என்று தொடர்ந்து ஏதாவது வேண்டும். "கூண்டு வெச்சாங்கல்ல, அப்ப இருக்குதுன்னுதான அர்த்தம்?" என்பதும் எடுபடாது. சந்தேகம் வந்தாலே கூண்டு வைப்பார்கள். நாலு நாள் கேமராவில் எதுவும் விழவில்லை என்பதால் இல்லை என்றும் ஆகிவிடாது.

இங்கிலாந்தில் இதே வாதம் பல பத்தாண்டுகளாக நடக்கிறது, ஆனால் அங்கே சிறுத்தை இயற்கையில் கிடையாது. போட்மின் மேட்டுநிலத்தில் பெரும்பூனை திரிகிறது என்ற பேச்சை 1995-ல் அரசே விசாரித்தது, உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. அறிக்கை வந்த கொஞ்ச நாளில் ஒரு பையன் ஆற்றில் மண்டையோடு ஒன்றைக் கண்டெடுத்தான். அருங்காட்சியகத்தில் பார்த்தார்கள்: அசல் சிறுத்தை மண்டையோடுதான். ஆனால் உள்ளே வெப்பநாட்டுக் கரப்பான்பூச்சியின் முட்டைக்கூடு இருந்தது. ஏதோ வீட்டில் விரித்துக் கிடந்த தோல் விரிப்பிலிருந்து வந்த தலை அது. பொருள் நிஜம், இடம் பொய்.

நம் வாட்ஸப்பில் தினமும் நடப்பது இதுதான். வீடியோவில் இருப்பது சிறுத்தை என்பதில் சந்தேகமே இருக்காது. வேறு மாநிலத்து மலைப்பாதையில் என்றைக்கோ எடுத்ததை "இப்போது பெருந்துறை பைபாஸில்" என்று அனுப்பியிருப்பார்கள். மைல்கல், வண்டி நம்பர், பேசுகிறவர் மொழி இந்த மூன்றையும் கவனித்தாலே பாதி வீடியோ அடிபட்டுப் போகும். இப்போது கம்ப்யூட்டரே வரைந்து தரும் படங்களும் சேர்ந்துகொண்டன. யார் எடுத்தது, எந்தத் தோட்டத்தில், எத்தனை மணிக்கு என்று கேட்டு, எடுத்தவர் பேர் கிடைக்கும்வரை யாருக்கும் அனுப்பாமல் இருங்கள்.

கண்ணால் பார்த்ததாகச் சொல்பவர்களைக் கேலி செய்வதும் தவறுதான். அவர்கள் பொய் சொல்வதில்லை, ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் அளவு பிடிபடுவதில்லை. வெருகு எனும் காட்டுப்பூனை நம் பக்கமெல்லாம் உண்டு. கால் நீளம், நிமிர்ந்த நடை. கிளுவை வேலி ஓரம் திடீரென்று திரும்பினால் யாருக்கும் நெஞ்சு அடைக்கும். ஆனால் அதன் வால் குட்டை. சிறுத்தையின் வாலோ உடம்பு நீளத்தில் பாதிக்கும் மேல் இருக்கும். "எவ்வளவு பெரிசு?" என்று கேட்காதீர்கள், "வால் எப்படி இருந்துச்சு?" என்று கேளுங்கள். அப்புறம், அது நின்ற இடத்தில் பகலில் ஒரு ஆளை நிறுத்தி, அவர் காலில் எதுவரைக்கும் அதன் முதுகு வந்தது என்று காட்டச் சொல்லுங்கள்.

உண்மையிலேயே சிறுத்தைதான், சோளக்காட்டுக்குள் இருக்கிறது என்று தெரிந்தால் செல்போனைத் தூக்கிக்கொண்டு சுற்றி வளைக்காதீர்கள். தப்பிக்க வழி கிடைக்காத சிறுத்தைதான் பெரும்பாலும் ஆள் மேல் பாயும்.

அன்று அத்தை செய்தது இதுதான். விடியலில் பால் கறக்க எழுந்தவர், போர்வெல் தொட்டியின் கசிவில் ஒரு தடத்தைப் பார்த்துவிட்டு, கையில் இருந்த அன்னக்கூடையை அதன் மேல் கவிழ்த்து ஒரு கல்லும் வைத்துவிட்டுத்தான் மாமனை எழுப்பியிருக்கிறார். கூட்டத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. பதினோரு மணிக்கு வந்த வனத்துறைக்காரர் கூடையைத் தூக்கிப் பார்த்தார். நான்கு நகக்குறி, இரண்டு பக்கமும் ஒரே அச்சு. ஆடுகளின் காதும் தொடையும் கிழிந்திருந்தன, கழுத்தில் கடியே இல்லை. நாய்.

டீக்கடையில் இன்றும் அது புலிதான். மாமன் பட்டிக்கு மேலேயும் சேர்த்துக் கம்பிவலை அடித்துவிட்டார். "நாய்க்குப் பக்கவாட்டுல போதுமேங் மாமா, மேல எதுக்குங்?" என்று கேட்டேன். "இருக்கட்டும் மாப்ள" என்றார்.