கட்டச் சொன்னால் கட்ட வேண்டுமா? உத்தரவைச் சோதிக்கும் வழி

கேரளத்தில் தமிழர்களும் வாழும் எல்லையோர ஊரான கொழிஞ்சாம்பாறையில் சந்தைக்கடை போடுகிறவரிடம் பஞ்சாயத்து புதிதாக ஒரு கட்டணம் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். நோட்டீஸ் மலையாளத்தில். ‘அநியாயம்’ என்று உடனே மனு எழுதிவிடாதீர்கள். தொகை அதிகமா என்பதைப் பிறகு பார்க்கலாம். கேட்கும் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள். ஆட்சியின் அதிகாரம் மக்களின் சம்மதத்திலிருந்தே வருகிறது என்னும் சமூக ஒப்பந்தக் கோட்பாடு அதற்குத்தான் உதவும்.

அந்தக் கோட்பாட்டைப் பேசிய தத்துவவாதிகளில், பாதுகாப்புத் தரும்வரை ஆட்சிக்குக் கீழ்ப்படி என்கிற ஹாப்ஸை (1651) வைத்துக்கொண்டு எந்த ரசீதையும் எதிர்க்க முடியாது. அவருக்குப் பின் வந்த லாக் பயன்படுவார்: மக்களோ அவர்கள் பிரதிநிதிகளோ சம்மதிக்காமல் வரி கூடாது. சட்டத்தின் அதிகாரமின்றி வரி வசூலிக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 265ஆவது பிரிவு. கட்டணத்துக்கும் சட்ட ஆதாரம் வேண்டும் என்பதே நீதிமன்றங்களின் நிலை. ஆகவே நோட்டீஸில் சட்டத்தின் பெயர், பிரிவு, பஞ்சாயத்துக் கமிட்டியின் (தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் குழு) தீர்மான எண், தேதி எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். பலர் சறுக்குவது மொழியில். அந்த விண்ணப்பம் ஆங்கிலம், இந்தி, அல்லது அந்தப் பகுதியின் ஆட்சிமொழியில் இருக்க வேண்டும். தமிழில் கொடுத்தால் திருப்பிவிட இடமுண்டு. எழுத முடியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவரத் தகவல் அலுவலர் உதவியாக வேண்டும். குறைதீர்ப்பு மனு வேறு: அரசியலமைப்பின் 350ஆவது பிரிவுப்படி மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் தரலாம், தமிழே போதும். பதிலும் தமிழில் வரும் என்று மட்டும் அந்தப் பிரிவு சொல்லவில்லை.

தீர்மானம் கைக்கு வந்தால் இதே கோட்பாட்டின் இன்னொரு தத்துவவாதி ரூசோவின் கேள்வியைப் போடுங்கள்: கட்டுப்படுகிறவர்களுக்கு அதில் பங்கிருந்ததா? கட்டணத்தைத் தீர்மானிப்பது கமிட்டி. கிராமசபை கணக்குக் கேட்கும் இடம். கேரளத்தில் அது வார்டு அளவில் கூடும், கோரம் (கூட்டம் செல்லக் குறைந்தபட்ச வருகை) வாக்காளர்களில் 10 சதவீதம். 1,200 வாக்குள்ள வார்டுக்கு 120 பேர். வருகைப் பதிவேட்டின் நகலை வாங்கி எண்ணிப் பார்ப்பது நல்லது.

“இங்கே குடியிருப்பதே சம்மதம், பிடிக்காவிட்டால் பொள்ளாச்சிக்குப் போங்கள்” என்பார்கள். மறைமுகச் சம்மதம் என்று லாக்கும் இதற்கு இடம் கொடுத்துவிட்டார், அது அவருடைய பலவீனமான பக்கம். தத்துவவாதி ஹியூம் 1748இலேயே இதை மடக்கினார்: தூக்கத்தில் கப்பலில் ஏற்றப்பட்டவன் கடலில் குதிக்கவில்லை என்பதற்காகக் கப்பல் தலைவனை ஏற்றுக்கொண்டான் என்று ஆகுமா? நம் எல்லைகளும் அப்படித்தான்: 1956இல் தேவிகுளம், பீருமேடு கேரளத்தில் நின்றதும், 1960இல் திருத்தணி ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு (இன்றைய தமிழ்நாடு) வந்ததும் வீடுவீடாகச் சம்மதம் கேட்டு நடந்தவை அல்ல.

அதற்காகக் கட்டாமல் இழுக்காதீர்கள். லாக் எதிர்ப்புக்கு அனுமதிப்பது அத்துமீறல் தொடர்கதையாகும்போதுதான், ஒரு நோட்டீஸுக்கு அல்ல. ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று கடிதம் கொடுத்துப் பணம் கட்டுங்கள். கடிதத்தின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் கவுண்டரை விட்டு நகர வேண்டாம்.