வெள்ளம் வடிந்தபின் எட்டிப் பார்த்தால் போதுமா? பாலத்தூண் அரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2018 ஆகஸ்டில் திருச்சி கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்துத் தூண்கள் சில வெள்ளத்தில் சாய்ந்தன. வண்டிகள் முன்பே புதுப் பாலத்துக்கு மாறியிருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆற்றுப் பாலங்கள் பல விழுவது பாரம் தாங்காமல் அல்ல, அடிமண் அரித்துப் போய்.

வேகமாக வரும் தண்ணீர் தூணில் மோதினால் ஒரு பங்கு நேராகக் கீழே பாயும். படுகையைத் தோண்டி, தூணைச் சுற்றிக் குதிரை லாடம் போலச் சுழித்துக்கொண்டு போகும். வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது பள்ளமும் பெரும்பாலும் ஆழமாக இருக்கும். வடியும்போது மேலிருந்து வரும் மணலே அதை மூடிவிடும். அதனால் தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்து, 'படுகை பழையபடி உள்ளது' என்று எழுதிக்கொடுப்பது பெரிய தவறு. அந்த மணல் நேற்று வந்தது, இன்னும் இறுகாதது. அடுத்த வெள்ளத்தில் அதுதான் முதலில் கிளம்பும்.

'அவ்வளவு பெரிய வெள்ளத்தையே தாங்கிய பாலம்' என்ற பேச்சு இதைவிட ஆபத்து. நியூயார்க் மாநிலத்தில் ஷோஹாரி ஓடைப் பாலம் 1954-இல் திறக்கப்பட்டது. மறு வருடமே பெருவெள்ளம். பாலம் நின்றது, தூண்களைச் சுற்றிக் கொட்டியிருந்த காப்புக் கற்கள்தான் அடித்துப் போயின. அவற்றை முழுதாகத் திரும்பப் போடவில்லை. அஸ்திவாரமோ பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கம்பம்) இல்லாமல், ஆழம் குறைவான ஃபுட்டிங் (தூணடியில் அகலமாகப் போடும் கான்கிரீட் தளம்). 1987 ஏப்ரல் 5 அன்று, 1955-ஐ விடச் சிறிய வெள்ளத்தில் ஒரு தூணின் அடி பறிபோய்ப் பாலம் இடிந்தது. 10 பேர் இறந்தார்கள். கற்களைக் கொட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது, தண்ணீருக்கு மேலே தெரிவதை மட்டும் பார்ப்பது. அயர்லாந்தின் மாலஹைடு ரயில் பாலத்தைப் பற்றி அங்குள்ள கடல் சாரணர்கள் எச்சரித்தார்கள். 2009 ஆகஸ்ட் 18 அன்று ஆய்வும் நடந்தது. 21 அன்று தூண் விழுந்தது. ரயில் ஓட்டுநர் பார்த்துத் தகவல் சொன்னதால் உயிர்கள் தப்பின. விரிசல் தேடுகிற கண்ணுக்குத் தண்ணீருக்கு அடியில் நடப்பது தெரியாது. அங்கே முக்குளிப்பவரையோ ஒலியை அனுப்பி ஆழத்தை அளக்கும் எக்கோ சவுண்டரையோ இறக்கித்தான் ஆக வேண்டும்.

மணல் அள்ளும் ஆறுகளில் இன்னொரு தவறும் சேர்கிறது: அரிப்பை இன்றைய படுகையிலிருந்து அளப்பது. போர்ச்சுகலில் 2001-இல் 59 உயிர்களைக் கொண்டுபோன ஹின்ட்ஸ் ரிபெய்ரு பாலத்துக்கு ஆற்றின் மேற்புறமும் கீழ்ப்புறமும் பல காலம் மணல் எடுத்திருந்தார்கள். படுகை மொத்தமாக இறங்கிவிட்டால், தூணடியில் தெரியும் பள்ளம் சின்னதாகத்தான் தோன்றும். பாலத்தின் பழைய வரைபடத்தை எடுத்து, அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்கு மேல் இன்னும் எத்தனை மீட்டர் மண் மிச்சம் என்று கணக்குப் பாருங்கள்.