எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்? நான் கணக்குப் போடும் விதம்

விமான டிக்கெட் போட்டுத் தருவது என் தொழில். "போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்காமல் யாரும் பணம் கட்டுவதில்லை. தூரம் தெரிந்தால் நேரமும் தெரிந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தூரம் என்றைக்கும் ஒன்றுதான். நேரம் நாளுக்கு நாள், திசைக்குத் திசை மாறும்.

முதலில் ஊர்ப் பெயரை விட்டுவிட்டு விமான நிலையத்தின் பெயரைப் பிடியுங்கள். டோக்கியோ என்றால் ஹனேடாவா, நரிட்டாவா? ஒன்றில் இறங்கி மற்றொன்றில் அடுத்த விமானம் ஏறுவதாக டிக்கெட் போட்டுக்கொண்டால், நடுவில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் தரைவழிப் பயணம் இருக்கிறது.

தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்துத் தூரம் அளக்காதீர்கள். துருவத்தை நெருங்க நெருங்க அது நிலத்தை இழுத்துக் காட்டும். உலக உருண்டை இருந்தால் இரண்டு இடங்களுக்கும் நடுவே நூலை இறுக்கிப் பிடியுங்கள். நியூயார்க்கிலிருந்து டோக்கியோவுக்குப் பிடித்த நூல் பசிபிக்கின் நடுவே போகாது, அலாஸ்கா பக்கம் ஏறும். அதுதான் குறுக்கு வழி.

நூல் போதாது, எண்ணே வேண்டும் என்பவர்களுக்குக் கால்குலேட்டர். இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள். அப்புறம் அவற்றின் கோசைன்களையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கோசைனையும் சேர்த்துப் பெருக்கி, முதலில் வந்ததோடு கூட்டுங்கள். அதற்குத் தலைகீழ் கோசைன் எடுத்தால் ஒரு கோணம் கிடைக்கும். ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர். லண்டன் ஹீத்ரோ வடக்கு 51.47, மேற்கு 0.45, நியூயார்க் ஜேஎஃப்கே வடக்கு 40.64, மேற்கு 73.78. கோணம் 49.83 பாகை, அதாவது சுமார் 5,540 கிலோமீட்டர். தெற்கு அட்சரேகைக்குக் கழித்தல் குறி போட வேண்டும். ஒரு நிலையம் கிழக்கிலும் மற்றொன்று மேற்கிலும் இருந்தால் தீர்க்கரேகைகளைக் கூட்ட வேண்டும்.

சரி, நேரத்துக்கு வருவோம். ஜெட் விமானம் என்றால் தூரத்தை 850ஆல் வகுத்து, ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதற்கும் ஏறி இறங்குவதற்கும் அரை மணி சேர்ப்பேன். மேலே சொன்ன தூரத்துக்கு ஏழு மணி நேரம். புரொப்பெல்லர் வைத்த ஏடிஆர் போன்ற விமானத்துக்கு 500ஆல் வகுப்பது சரி.

இதைக் கெடுப்பது காற்று. வட அட்லாண்டிக்கின் மேலே மேற்கிலிருந்து கிழக்காக வேகக்காற்று ஓடுகிறது. அதனால் நியூயார்க்கிலிருந்து லண்டன் போவதைவிடத் திரும்பி வருவதற்குச் சுமார் ஒரு மணி நேரம் கூடுதலாகும். 2020 பிப்ரவரியில் புயல்காற்று பின்னாலிருந்து தள்ள, பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் சேர்ந்துவிட்டது. அதை நம்பி யாரும் அடுத்த விமானத்தைப் பதிவு செய்யக் கூடாது!

டிக்கெட்டில் இருக்கும் இரண்டு நேரங்களும் அந்தந்த ஊர் நேரம். நியூயார்க்கில் இரவு 8 மணிக்குக் கிளம்பி லண்டனில் காலை 8 மணிக்கு இறங்கினால் பன்னிரண்டு மணி நேரப் பயணம் இல்லை. ஐந்து மணி வித்தியாசத்தைக் கழித்தால் ஏழு. மார்ச்சில் கவனம்: அமெரிக்கா இரண்டாம் ஞாயிறன்றே கடிகாரத்தை முன்னால் தள்ளிவிடும், பிரிட்டன் கடைசி ஞாயிறுவரை தள்ளாது. அந்த இடைவெளியில் கழிக்க வேண்டியது நான்கு மணி நேரம்தான்.