புறக்கோளின் ரேடியோ அலையைத் தேடுவது எப்படி: டௌ பூட்டிஸை வைத்து ஒரு வழிகாட்டி

புறக்கோள் என்பது வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள்; டௌ பூட்டிஸ் அப்படி ஒரு கோளுள்ள விண்மீன். முதலில் எந்த அதிர்வெண்ணில் தேடுவது என்று முடிவு செய்யுங்கள். கோளின் காந்தப்புலத்தில் சுழலும் எலக்ட்ரான்கள்தான் இந்த அலையை உமிழ்கின்றன. புலத்தின் வலிமையை காஸில் (காந்தப்புல அலகு) எடுத்து 2.8-ஆல் பெருக்கினால் உச்ச அதிர்வெண் மெகாஹெர்ட்ஸில் கிடைக்கும். வியாழனின் துருவத்தருகே சுமார் 14 காஸ். அதனால் அதன் உமிழ்வு 40 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. நம் மேல்வளிமண்டலத்தில் மின்னூட்டமுள்ள அடுக்கான அயனிமண்டலமோ 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பாலும் எதையும் உள்ளே விடாது. ஆகவே 3.6 காஸுக்குக் குறைந்த புலமுள்ள கோளைத் தரையிலிருந்து தேடிப் பயனில்லை.

தொலைநோக்கியும் இந்தக் கணக்கிலிருந்தே முடிவாகிறது. புனே அருகே உள்ள ஜிஎம்ஆர்டி என்ற ரேடியோ தொலைநோக்கியின் கீழ்ப்பட்டை 120 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. அங்கே தெரிய வேண்டுமானால் கோளுக்கு 43 காஸ் வேண்டும். வியாழன் போன்ற புலத்துக்கு நெதர்லாந்தை மையமாகக் கொண்ட லோஃபாரின் தாழ் அதிர்வெண் ஆன்டெனாக்களோ (10–90 மெகாஹெர்ட்ஸ்), பிரான்ஸின் நான்சேயில் உள்ள நெனுஃபாரோ (10–85) தான் சரி.

அடுத்தது வலிமை. வியாழனின் வழக்கமான வெடிப்பு நமக்கு ஏறத்தாழ 4 லட்சம் ஜான்ஸ்கியாக (ரேடியோ வலிமையின் அலகு) வருகிறது. அதே வியாழனை 5 பார்செக் (சுமார் 16 ஒளியாண்டு) தள்ளி வைத்தால் மிஞ்சுவது 7 மைக்ரோஜான்ஸ்கி அளவுதான். அது லட்சம் மடங்கு வலுத்தால்தான் லோஃபாருக்குத் தெரியும். நல்ல முன்பெருக்கி வாங்கி இதைச் சரிக்கட்ட முடியாது: 20 மெகாஹெர்ட்ஸில் பால்வெளியின் ரேடியோ இரைச்சலே, வெப்பநிலையாகச் சொன்னால், பல்லாயிரம் கெல்வின். அதனால் விண்மீனை ஒட்டிச் சுற்றும், விண்மீன் காற்று பலமாக மோதும் பெரிய கோள்களையே தேர்ந்தெடுங்கள். 51 ஒளியாண்டு தொலைவில் 3.31 நாளுக்கு ஒருமுறை தன் விண்மீனைச் சுற்றும் டௌ பூட்டிஸின் கோளான டௌ பூட்டிஸ் பி நல்ல இலக்கு.

எத்தனை இரவு கேட்பது? உமிழ்வு உள்ளீடற்ற மெல்லிய கூம்பாக வெளிப்படுவதால், சுற்றுப்பாதையின் சில கட்டங்களில் மட்டுமே நம் பக்கம் திரும்பும். எனவே முழுச் சுற்றையும் பார்த்தாக வேண்டும். லோஃபாரிலிருந்து இந்த விண்மீன் 30 பாகைக்கு மேலே சுமார் 8 மணி நேரம் இருக்கும். அது ஒரு சுற்றில் பத்தில் ஒரு பங்கு. மூன்று சுற்று முடிய ஏறக்குறைய 10 நாள் ஆவதால், தொடர்ந்து 10 இரவு பார்த்தால் பத்துப் பங்கும் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் நிரம்பிவிடும். நடுவே ஓர் இரவு தவறினால் அந்தக் கட்டம் அடுத்த பத்தாம் நாள்தான் திரும்பும். பகலைத் தவிருங்கள், அயனிமண்டலம் தொலைதூரச் சிற்றலை ஒலிபரப்புகளைத் திருப்பி அனுப்பி, 15 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தையே பாழாக்கிவிடும்.

ஒரே நேரத்தில் மூன்று கற்றைகள் (தொலைநோக்கி வானில் கேட்கும் குறுகிய திசைகள்) வையுங்கள்: ஒன்று விண்மீன் மேல், இரண்டு பக்கத்து வெற்று வானில், கற்றை அகலத்தைப் போலப் பல மடங்கு தள்ளி. பதிவு 10 மில்லிநொடி, 3 கிலோஹெர்ட்ஸ் நுணுக்கத்தில் இருக்கட்டும். குறுக்கீட்டை இந்த நுண்பதிவிலேயே வெட்டிவிட்டுப் பிறகு 1 நொடி, 45 கிலோஹெர்ட்ஸாகச் சுருக்குங்கள். முதலில் சுருக்கினால் ஒரு மின்னல் கீற்று நொடி முழுவதையும் கெடுக்கும். தினமும் சில நிமிடம் பி0823+26 என்ற பல்சாரையும் (சீரான ரேடியோ துடிப்பு தரும் விண்மீன்) பாருங்கள். அது தெரியாத இரவில் மற்ற எதையும் நம்ப வேண்டாம்.

பகுப்பாய்வில் மொத்தச் செறிவை விட வட்ட போலரைசேஷனையே (அலையின் மின்புலம் இடமாகவோ வலமாகவோ சுழல்வது) நம்புங்கள். பால்வெளிப் பின்னணியில் அது அநேகமாக இல்லை. விண்மீன் கற்றையிலிருந்து வெற்றுக் கற்றையைக் கழிப்பதோடு நிற்காமல், இரண்டு வெற்றுக் கற்றைகளையும் ஒன்றிலிருந்து ஒன்று கழியுங்கள். அங்கேயும் அதே அளவு மேடு வந்தால், நீங்கள் கண்டது அயனிமண்டலத்தின் மினுக்கம், அல்லது பக்கமடல் (கற்றைக்கு வெளியேயும் தொலைநோக்கி சற்றே கேட்கும் திசை) வழியே நுழைந்த காசியோபியா ஏ போன்ற பிரகாசமான மூலம்.

இவை எல்லாம் தாண்டியும் விண்மீனே உமிழ்ந்திருக்கலாம். டௌ பூட்டிஸில் இது கடினமான சிக்கல்: விண்மீன் தன்னைத்தானே சுற்றும் காலமும் ஏறக்குறைய 3.3 நாள்தான். அதனால் சமிக்ஞை 3.31 நாளுக்கு ஒருமுறை திரும்பினாலும் கோளுக்குச் சான்றாகாது. உச்ச அதிர்வெண் எங்கே வெட்டுப்படுகிறது, வட்ட போலரைசேஷனின் சுழற்சி இடமா வலமா என்பவற்றை விண்மீனின் அளக்கப்பட்ட காந்தப்புலத்தோடு ஒப்பிட்டே பிரிக்க வேண்டும்.

2016–17 லோஃபார் பதிவுகளில் 15–30 மெகாஹெர்ட்ஸில் மெலிதான சமிக்ஞை தென்பட்டதாக 2021இல் அறிவித்தார்கள். 2020இல் லோஃபாரும் நெனுஃபாரும் மறுபடி பார்த்தபோது அது கிடைக்கவில்லை. எனவே தொலைநோக்கி நேரம் கேட்கும் உங்கள் முன்மொழிவில் வெவ்வேறு நாடுகளில் உள்ள இரண்டு தொலைநோக்கிகளின் ஒரே நேரப் பதிவைத் தொடக்கத்திலேயே கேளுங்கள். ஓர் ஊரின் உள்ளூர்க் குறுக்கீடு மற்ற ஊரில் அதே நொடியில் வராது.