காணாமல் போன குழந்தை: போலீஸ் தொடருக்கு ஒரு எபிசோட் எழுதுவது எப்படி

குழந்தை காணாமல் போகும் எபிசோட் பெரும்பாலும் இரண்டாவது விளம்பர பிரேக்குக்குப் பிறகு தொய்ந்துவிடும். வசனத்தையும் நடிப்பையும் குறை சொல்வார்கள். உண்மையான காரணம், அந்த நேரத்தில் குழந்தை எங்கே இருக்கிறது என்று எழுதியவருக்கே தெரியாது. தெரியாததால் போலீஸை நாலாபக்கமும் ஓடவிட்டு, சந்தேகத்துக்கு ஒரு ஆளைப் பிடித்து விசாரித்து விட்டுவிட்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் எங்கிருந்தோ ஒரு தகவல் வந்து கதை முடியும். பார்ப்பவர் ஏமாந்துபோவார்.

முதலில் குழந்தையின் கடிகாரம்

சீன் ஆர்டர் போடுவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் குழந்தை நிஜமாக என்ன செய்தது என்பதை நேரத்தோடு எழுத வேண்டும். வலப்பக்கம் அதே நேரத்தில் போலீஸ் என்ன நம்புகிறது என்பதை எழுத வேண்டும். எபிசோட் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் நடக்கிறது. இடப்பக்கம் முழுமையாக முடியாமல் வலப்பக்கத்தைத் தொடவே கூடாது.

ஒரு மாதிரி பார்ப்போம். ஏழு வயதுப் பையன், அடுக்குமாடிக் குடியிருப்பு.

4.10: பள்ளி வேனிலிருந்து இறங்குகிறான். மூக்குக்கண்ணாடி வேனில் சீட்டுக்கு அடியில் விழுந்துவிட்டது. இறங்கிய பிறகுதான் கவனிக்கிறான். ஏற்கெனவே ஒன்றைத் தொலைத்து அப்பாவிடம் அடி வாங்கியவன்.
4.12: வேன் கிளம்பிவிடுகிறது.
4.16: ஐந்தாம் மாடி. பாட்டி உள்ளே தூங்குகிறார். பெல்லை அழுத்தாமல் மொட்டைமாடிக்கு ஏறுகிறான்.
4.20: தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்கிறான். 4.50க்குத் தூங்கிவிடுகிறான்.
5.20: வாட்ச்மேன் மாடிக் கதவைத் திறந்து, வாசற்படியில் நின்றபடியே இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு இறங்குகிறார்.
6.15: கீழே அப்பா கோபமாகத் தன் பெயரைச் சொல்லிக் கத்துவது கேட்டு விழிக்கிறான். இன்னும் உள்ளே ஒண்டுகிறான்.
7.30: இருட்டு. இப்போது வெளியே வர நினைத்தாலும் கதவு பூட்டியிருக்கிறது.

இப்போது வலப்பக்கம். கேட்டில் இருக்கும் சிசிடிவியில் வேன் 4.23க்கு வெளியே போகிறது. டிரைவர் 4.12 என்கிறார். வேன் மறைத்ததால் பையன் இறங்கியது கேமராவில் விழவில்லை. சீட்டுக்கு அடியில் கண்ணாடி கிடைக்கிறது. யாராக இருந்தாலும் டிரைவரைத்தான் சந்தேகிப்பார்கள். போலீஸ் இங்கே முட்டாள்தனமாக எதுவும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். கையில் இருக்கும் தடயம் அப்படித்தான் சொல்கிறது. கேமராவின் கடிகாரம் 11 நிமிடம் வேகமாக ஓடுகிறது, அவ்வளவுதான்.

கண்ணாடி இரண்டு வேலை செய்கிறது. முதல் பாதியில் டிரைவருக்கு எதிரான தடயம். இரண்டாம் பாதியில் பையன் ஏன் வீட்டுக்குள் போகவில்லை என்பதற்கான காரணம். முக்கியமான தடயம் எதுவானாலும் இப்படி ஒருமுறை திரும்ப வேண்டும். திரும்பாத தடயத்தை வெட்டிவிடலாம். போதாததற்கு, எல்லா ஸ்டேஷனுக்கும் ‘கண்ணாடி அணிந்த சிறுவன்’ என்றே அடையாளம் போயிருக்கும், அதுவும் தப்பு.

வயது

வயதைக் கடைசியில் முடிவு செய்பவர்கள் உண்டு. கூடாது. தொலைந்த குழந்தை எப்படி நடந்துகொள்ளும் என்பதை வயதுதான் தீர்மானிக்கிறது. ஒன்று முதல் மூன்று வயது வரை தொலைந்துவிட்டோம் என்பதே தெரியாது. சின்ன இடுக்குக்குள் புகுந்து தூங்கிவிடும். கூப்பிட்டால் பதில் வராது. நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தை ஏதாவது ஒன்றின் பின்னால் போய்விட்டு, பழகிய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். ஏழு, எட்டு வயதில் அடிக்கும் திட்டுக்கும் பயந்து ஒளிந்துகொள்வது சகஜம்; தேடுபவர் பக்கத்தில் வந்து நின்றாலும் வாயைத் திறக்காது. பத்து வயதுக்கு மேல் கோபத்தில் வேண்டுமென்றே கிளம்பிப் போவதும் உண்டு. பதின்ம வயது வந்துவிட்டால் செல்போன், நண்பர்கள், ஆன்லைனில் பழகிய ஆள் என்று அது வேறு எபிசோட்.

ஆட்டிசம் உள்ள குழந்தையை வைத்து எழுதினால் ஒரு விஷயத்தை விட்டுவிடாதீர்கள்: தண்ணீர். இப்படி வழிதவறிப் போகும் குழந்தைகளின் உயிரிழப்புக்கு முக்கியக் காரணம் நீரில் மூழ்குவதுதான். விவரம் தெரிந்த அதிகாரி முதல் ஆளைக் குளத்துக்கும் கிணற்றுக்கும் நீச்சல்குளத்துக்கும்தான் அனுப்புவார்.

புகார் கொடுக்கும் சீன்

‘24 மணி நேரம் கழித்து வாங்க’ என்று ஸ்டேஷன் ரைட்டர் (புகாரை எழுதிக்கொள்ளும் போலீஸ்காரர்) சொல்லும் வசனத்தை இனி யாரும் எழுத வேண்டாம். இந்தியாவில் காணாமல் போன குழந்தை பற்றிய புகாரை எஃப்.ஐ.ஆராகப் பதிய வேண்டும், கடத்தல் என்றே எடுத்துக்கொண்டு விசாரணையைத் தொடங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே மாதத்தில் உத்தரவிட்டது. அமெரிக்காவில் காத்திருக்கும் காலம் என்ற வழக்கத்தை 1990ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்துவிட்டது. புகாரைத் தட்டிக்கழிக்கும் போலீஸ்காரர்தான் உங்கள் கதைக்கு வேண்டும் என்றால், அவர் விதியை மீறுகிறார் என்பது அவருக்கும் தெரியும்படி எழுதுங்கள். பின்னால் அதற்கு அவர் பதில் சொல்ல வேண்டிவரும். அது ஒரு நல்ல ட்ராக்.

தொடரில் அடிக்கடி வரும் இன்னொரு வசனம், ‘முதல் மூணு மணி நேரம்தான் முக்கியம் சார்.’ அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் 2006இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு வேர் இருக்கிறது: கடத்திக் கொல்லப்பட்ட குழந்தைகளில் சுமார் 76 சதவீதம் பேர் மூன்று மணி நேரத்துக்குள் இறந்திருந்தார்கள். அந்த எண் கொலையில் முடிந்த கடத்தல் வழக்குகளுக்கு மட்டுமே பொருந்தும். காணாமல் போகும் எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்துவதுபோல இன்ஸ்பெக்டரைப் பேசவைத்தால் விஷயம் தெரிந்தவர் சிரிப்பார். தாயின் முகத்துக்கு நேரே எந்த அனுபவசாலியும் இந்த எண்ணைச் சொல்லவும் மாட்டார்.

ஆம்பர் எச்சரிக்கையிலும், அதாவது கடத்தப்பட்ட குழந்தையைப் பற்றி அமெரிக்காவில் டிவி, ரேடியோ, செல்போன் வழியாக மக்களுக்கு விடும் அவசர அறிவிப்பிலும், இதே கோளாறு. டெக்சாஸில் 1996 ஜனவரியில் ஆம்பர் ஹேகர்மன் என்ற ஒன்பது வயதுச் சிறுமி கடத்திக் கொல்லப்பட்ட பிறகு வந்தது அது. கடத்தல் என்று நம்பக் காரணம் இருக்க வேண்டும், உயிருக்கு ஆபத்து இருக்க வேண்டும், வெளியிடும் அளவுக்கு அடையாள விவரம் இருக்க வேண்டும். வெறுமனே வழிதவறிய குழந்தைக்கு அதை விடமாட்டார்கள். ‘ஏன் இன்னும் அலர்ட் விடல?’ என்ற பெற்றோரின் கேள்விக்கும் ‘வண்டி நம்பர்கூட நம்மகிட்ட இல்லைங்க’ என்ற பதிலுக்கும் நடுவில் ஒரு முழு சீன் இருக்கிறது.

கேள்விகளை வரிசையாக எழுதிக் குவிக்காதீர்கள். கடைசியாகப் பார்த்தது யார், எங்கே, எத்தனை மணிக்கு, அந்த நேரம் எப்படித் தெரியும் என்பதுதான் அச்சாணி. ‘நாலு மணி இருக்கும்’ என்று அம்மா சொன்னால், ‘டிவியில என்ன ஓடிட்டிருந்தது?’ என்று கேட்பவர்தான் நல்ல எஸ்.ஐ. உடை, உயரம், மச்சம், மருந்து, சமீபத்திய போட்டோ எல்லாம் இரண்டு வரியில் முடிந்துவிடும். போட்டோ விஷயத்தில் ஒரு சின்ன உண்மை உதவும்: பெற்றோர் முதலில் நீட்டுவது நன்றாக உடுத்தி எடுத்த விழாப் படம். அதை வைத்துத் தெருவில் யாராலும் குழந்தையை அடையாளம் காண முடியாது.

தேடல்

முதல் தேடல் வீட்டுக்குள்தான், பெற்றோர் ஏற்கெனவே பார்த்துவிட்டதாகச் சொன்னாலும். கட்டிலுக்கு அடியில், அலமாரி, வாஷிங் மெஷின், துணிமூட்டை, கார் டிக்கி, பழைய ஃப்ரிட்ஜ். ‘பார்த்தாச்சு’ என்ற சொல்தான் தேடலின் முதல் எதிரி. யார் பார்த்தது, உள்ளே போய்ப் பார்த்தாரா, நின்ற இடத்திலிருந்தா? நம் வாட்ச்மேன் வாசற்படியில் நின்று பார்த்ததை வைத்து ரைட்டர் நோட்டில் ‘மாடி: பார்த்தாயிற்று’ என்று எழுதுகிறார். அந்த ஒரு வரி மூன்று மணி நேரத்தைத் தின்கிறது. கேமரா அந்த நோட்டின் மேல் இரண்டு விநாடி நின்றால் போதும்.

மோப்ப நாயைக் கொண்டுவந்தால் ஒழுங்காகக் கொண்டுவாருங்கள். குழந்தையின் வாடை மட்டும் இருக்கும் பொருள் வேண்டும்: துவைக்காத தலையணை உறை அல்லது சட்டை, கையுறை போட்டு எடுத்து, சுத்தமான பையில் போட வேண்டும். அம்மா அந்தச் சட்டையை நெஞ்சோடு அணைத்து அழுதுகொண்டிருந்தால் அதில் அவர் வாடையும் ஏறிவிடும். அதைச் சொல்லி அவர் கையிலிருந்து வாங்க வேண்டிய கான்ஸ்டபிளின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். வசனமே தேவைப்படாத சீன் அது. கூட்டம் மிதித்துக் கலைப்பதற்கு முன் நாய் வர வேண்டும். அக்கம்பக்கத்தார் நல்ல மனதோடு நாற்பது பேர் இறங்கித் தேடிய பிறகு வந்தால் நாய்க்குக் குழப்பம்தான்.

சிசிடிவி ஃபுட்டேஜை எடுக்கும்போது ரெக்கார்டரின் திரையையும் சரியான நேரம் காட்டும் கைப்பேசியையும் ஒரே படத்தில் பதிவு செய்வது நல்ல விசாரணையாளரின் பழக்கம். கடிகார வித்தியாசம் அதில் தெரிந்துவிடும். நம் கதையில் அவசரத்தில் ஃபுட்டேஜை மட்டும் பென் டிரைவில் வாங்கி வந்துவிடுகிறார்கள். மூன்றாம் பிரேக்குக்கு முன் எஸ்.ஐ. மறுபடி போய் அந்தத் திரையின் முன் நின்று தன் போனைப் பார்க்கிறார். 11 நிமிடம். டிரைவர் பொய் சொல்லவில்லை. அப்படியென்றால் பையன் இறங்கியிருக்கிறான். இறங்கியவன் ஏன் வீட்டுக்கு வரவில்லை?

மங்கலான படத்தைப் பெரிதாக்கி முகத்தைத் தெளிவாக்கும் மாயத்தை விட்டுவிடுங்கள். கேமராவில் பதியாததை யாராலும் வரவழைக்க முடியாது. செல்போன் டவர் விவரமும் பட்டனைத் தட்டியதும் வராது. அது காட்டுவதும் தோராயமான பகுதியை, வீட்டு எண்ணை இல்லை.

பெற்றோரை விசாரிப்பது

அப்பாவையும் அம்மாவையும் தனித்தனியாக விசாரிப்பார்கள். இது சந்தேகத்தால் மட்டும் வருவதில்லை. சேர்ந்து உட்கார்ந்தால் ஒருவர் நினைவு மற்றவருடையதைத் திருத்திவிடும். நம் கதையின் சாவி இங்கேதான் கிடக்கிறது. கண்ணாடி தொலைந்ததற்கு அடித்ததை அப்பா சொல்லமாட்டார், அவமானம். அம்மாவும் அவர் முன்னால் சொல்லமாட்டார். தனியாகக் கேட்டால் சொல்லுவார், அதுவும் சுற்றிவளைத்து. ‘போன தடவை கண்ணாடி தொலைஞ்சப்போ என்னங்க ஆச்சு?’ என்ற சாதாரணக் கேள்விக்கு அம்மா உடனே பதில் சொல்லாமல் கதவுப் பக்கம் பார்க்கிறார். எஸ்.ஐ.க்கு அது போதும். இங்கே அப்பாவை வில்லனாக்கித் திட்டவைக்கும் ஆசை வரும். வேண்டாம், அவர் கத்திய கத்தலே பையனை இன்னும் உள்ளே தள்ளியது என்று பார்ப்பவருக்குத் தெரிவதே தண்டனை.

வகுப்புத் தோழனைக் கேட்கும் சீன் வைத்தால், ‘டிரைவர் அங்கிள் அடிச்சாரா?’ என்று கேட்கவைக்காதீர்கள். அப்படிக் கேட்டால் குழந்தை ஆமாம் என்றுதான் சொல்லும். ‘வேன்ல என்ன நடந்துச்சுன்னு சொல்லு’ என்று திறந்து கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். புதியவர் தப்பாகக் கேட்டு, அந்தப் பதிலை நம்பி டிரைவர் மாட்டுவதாக வைத்தால் அதுவும் நியாயமான திருப்பமே.

நீளமும் பிரேக்கும்

விளம்பரத்தோடு ஒரு மணி நேர இடம் என்றால் கதைக்குக் கிடைப்பது 42 முதல் 44 நிமிடம். பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று கணக்கு. டீசருக்கு, அதாவது டைட்டிலுக்கு முன் வரும் தொடக்கப் பகுதிக்கு, மூன்று பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு பிரேக்கும் வலப்பக்கத் தாளில் ஒரு நம்பிக்கை உடையும் இடமாக இருக்கட்டும். டிரைவரின் நேரம் பொருந்தவில்லை, கண்ணாடி கிடைத்தது, கடிகாரம் தப்பு, மாடி உண்மையில் பார்க்கப்படவில்லை. போன் மணி அடித்து ‘சார்!’ என்று யாரோ கத்துவதில் பிரேக் விட்டால், திரும்பி வரும்போது அது ஒன்றுமில்லை என்றுதான் எழுத வேண்டியிருக்கும்.

மாடியில் கண்டுபிடிக்கும் சீனில் பெயர் சொல்லிக் கத்தக் கூடாது. எஸ்.ஐ. டார்ச்சைத் தரைக்குத் தாழ்த்தி, ‘கண்ணாடி கிடைச்சிடுச்சுப்பா, வேன்லதான் இருந்தது’ என்று சாதாரணக் குரலில் சொல்லவேண்டும். கிடைத்ததும் கட்டிப்பிடித்து முடித்துவிடாதீர்கள். தண்ணீர் கொடுப்பது, மருத்துவர் பார்ப்பது, சீருடை இல்லாத ஒருவர் பேசுவது, இவை ஒன்றரைப் பக்கம். டிரைவரிடம் யார் போய் என்ன சொல்வது என்பது இன்னொரு அரைப் பக்கம்.

குழந்தை நடிகர்

எழுதும்போதே இதை யோசிக்காவிட்டால் படப்பிடிப்பில் சீன் பறிபோகும். இந்தியாவில் 2017இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி குழந்தை நடிகர் ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் வைப்பு நிதியாகப் போக வேண்டும். கலிஃபோர்னியாவில் ஆறு முதல் எட்டு வயது வரை பள்ளி நாட்களில் நடிப்பு நேரம் நான்கு மணி நேரம்தான். ஆகவே பையன் தெரியும் சீன்களை நான்கைந்துக்குள் அடக்குங்கள். மாடி இருட்டை உள்ளரங்கில் செட் போட்டுப் பகலிலேயே எடுக்கலாம். மற்ற இடங்களில் போட்டோ, ஸ்கூல் பை, அவன் குரல் பதிந்த ஒரு வாய்ஸ் மெசேஜ் போதும். கதையின் பயங்கரமான பகுதியைப் பையனிடம் சொல்லத் தேவையில்லை. ஒளிந்து விளையாடுகிறோம் என்று சொன்னாலே அவன் பங்கு வந்துவிடும்.

‘காணவில்லை’ நோட்டீஸில் போடும் தொலைபேசி எண் யாருக்கும் சொந்தமானதாக இருக்கக் கூடாது. எபிசோட் ஓடும்போதே அதற்கு அழைத்துப் பார்ப்பவர்கள் இருப்பார்கள். இந்தியாவில் நடக்கும் கதை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098ஐக் கடைசியில் திரையில் வரும் எழுத்துக் கார்டில் நிஜமாகவே போடலாம், நான்கு விநாடியாவது நிற்கும்படி.